வயலின் கேட்கும் மூளை

"மனித குலத்தின் துயரம் இந்த வாசலோடு முடிகிறது" என்று அந்த நிறுவனத்தின் முகப்பில் கருங்கல்லில் ஆழமாக வெட்டி, வெட்டிய இடத்தில் தங்க வண்ணம் பூசியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே ஓர் அட்டை தொங்கியது: "லிப்ட் வேலை செய்யவில்லை. படியைப் பயன்படுத்தவும். படியில் உட்கார்ந்து அழக் கூடாது."

ஓட்டுநர் அட்டையை இரண்டு முறை படித்தார். அழுகிற உத்தேசம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் அப்படி எழுதித் தொங்கவிடும் அளவுக்கு எத்தனை பேர் அங்கே உட்கார்ந்து அழுதிருப்பார்கள் என்று நினைத்ததும் முதல் படியிலேயே நின்றுவிட்டார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க. மூணு மாடிதான்."

"கீழேயே எழுதிக் குடுத்துட மாட்டாங்களா?"

"என்னன்னு?"

"நல்லாத்தான் இருக்கேன்னு."

"நல்லா இருக்கிறவரு எதுக்குங்க பஸ்ஸ அப்படி நிறுத்தினீங்க?"

அவர் ஒன்றும் நடுச்சாலையில் நிறுத்திவிடவில்லை. முறையாக, நிறுத்தத்தில்தான் நிறுத்தினார். இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள், ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். நடத்துநர் விசில் கொடுத்தார். மறுபடி கொடுத்தார். ஓட்டுநர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். அடுத்த நிறுத்தத்துக்குப் போனாலும் அங்கேயும் நிறுத்தத்தானே வேண்டும், பிறகு எதற்குப் போவது என்று ஒரு யோசனை வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டது. அது எழுந்திருக்கவேயில்லை. பயணிகள் முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு இறங்கி நடந்தார்கள். டிப்போவிலிருந்து ஆள் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு டிப்போ மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையைத் தடவாத குறையாக, "அந்த மூளை இசை நிறுவனம் இருக்கில்ல, அங்க போயிட்டு வாங்க. சரியாயிட்டீங்கன்னு இயக்குநர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மறுநாளே வண்டி. இல்லாட்டி சாவிய மறந்துடுங்க" என்றார்.

ஓட்டுநருக்கு உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த இடம் அந்த இருக்கை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் தான் எங்கே உட்காருவது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆகவே படி ஏறினார்.

மூன்றாவது மாடிக் காத்திருப்பு அறையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு மீன் தொட்டி. நிறுவனத்தைத் திறந்து வைத்த பிரமுகர் பரிசளித்ததாம். அன்றைக்கு வைப்பதற்கு மேசை கிடைக்காமல், கைக்கு அகப்பட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் நீல வெல்வெட் துணியைப் போர்த்தி அதில் ஏற்றிவிட்டார்கள். எட்டு வருஷமாக அங்கேயே இருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு மீன். அது நீந்தவில்லை. ஒரு மூலையில் நின்றபடி வருகிறவர்களை வெறித்தது.

"நிறுத்தத்துல நிக்கிற மாதிரியே நிக்குது பாருங்க" என்றாள் மனைவி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கழற்ற மறந்துவிட்டார் போலும். ஏதோ ஒரு பழைய மெட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தவரை நோக்கி ஒரு வெள்ளைச் சட்டை ஊழியர் ஓடி வந்தார்.

"அம்மா! இங்க இஷ்டத்துக்கு முணுமுணுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? அங்கீகாரம் இல்லாத இசை. மூளை கலப்படம் ஆயிடும்."

தையல்காரம்மா வாயை மூடிக்கொண்டார். ஊழியர் போனதும் ஓட்டுநர் பக்கம் சாய்ந்து, "புதுசா தம்பி? பயப்படாதீங்க. உள்ள ஒரு சங்கீதம் போடுவாங்க பாருங்க, அப்படியே உயிரு உருகிடும்" என்றார். சொல்லும்போது அவர் கண் மீன் தொட்டியைத்தான் பார்த்தது. ஓட்டுநர் அதைக் கவனித்தார், ஆனால் அதற்கு அர்த்தம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

இயக்குநர் ஒல்லியானவர், வெள்ளிச் சட்டமிட்ட கண்ணாடிக்காரர். இரண்டு பேர் இருந்தாலும் இருநூறு பேருக்குப் பேசுவது போலப் பேசுவார்.

"துயரம்னா என்ன? வயரிங் கோளாறு. அவ்வளவுதான். என் மனைவி பேச மாட்டேங்குறா, அப்பா போயிட்டாரு, வேலை பிடிக்கல... இதெல்லாம் நோயாளிங்க சொல்ற கதை. நாங்க கதை கேக்கறதில்ல. நேரம் கிடையாது. மூளைக்குள்ள ஆழத்துல மகிழ்ச்சிக்குன்னு ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு அங்க விளக்கு அணைஞ்சிருக்கு. எங்க இசை போய் ஏத்தி வைக்கும். ஸ்கேன்ல அது செவப்பா எரியறத நாங்க படம் பிடிப்போம். படம் செவப்பா வந்தா நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு அர்த்தம்."

"எனக்கே தெரியுமா டாக்டர்?"

"உங்களுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல."

ஓட்டுநர், கேட்காமல் இருந்திருக்க வேண்டிய ஒன்றைக் கேட்டார்.

"ஒருவேளை... அந்தப் பாட்டு எனக்குக் கேக்கலைன்னா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூளை ஒரேயடியாக் கதவச் சாத்திக்கிட்டா கேக்காது. அது கடைசிக் கட்டம். அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. ஆனா அப்படி ஒருத்தர நாங்க இதுவரைக்கும் பாத்ததில்ல." புன்னகைத்தார். "பாக்கவும் விரும்பல."

இயந்திரம் ஓர் அறையை அடைத்துக்கொண்டு, நடுவில் ஓட்டையோடு படுத்திருந்தது. இயக்கும் பெண் சின்ன வயசுக்காரி, சிரித்த முகம். சாவி, சில்லறை, இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் வைத்தாள். ஓட்டுநருக்கு அது நல்ல சகுனமாகத் தோன்றவில்லை.

"தலைய அசைக்காதீங்க சார். அசைச்சா மூளை கலங்கலா வரும். ரொம்பப் பயமா இருந்தா இந்தப் பந்த அமுக்குங்க."

அவர் காதுகளின் மேல் இரண்டு தடித்த கறுப்புக் கிண்ணங்களைக் கவிழ்த்தாள். உலகம் சட்டென்று பஞ்சுக்குள் போய்விட்டது. அவள் வாய் அசைந்தது, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. படுக்கை நகர்ந்து அவரைக் குழிக்குள் தள்ளியது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு யாரோ இரும்புக் கதவை உலக்கையால் இடிப்பது போல டொக், டொக், டொக். பிறகு, பிரேக் கட்டை தேய்ந்த லாரி மலைச்சரிவில் இறங்குவது போல நீண்ட ஓர் அலறல். இசை இனிமேல் வரும் என்று காத்திருந்தார். டொக், டொக். அலறல். வரவில்லை.

கண்ணுக்கு மேலே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். இயக்கும் பெண் கண்ணை மூடித் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். இயக்குநர் விரல்களைக் காற்றில் மிதக்க விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை ஊழியர் மேசை மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வயதான எழுத்தர் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

இசை ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணெதிரே, கண்ணாடிக்குள், நான்கு பேர் அதில் நனைகிறார்கள். தனக்கு மட்டும் கேட்கவில்லை.

கதவு சாத்தியாகிவிட்டது. கடைசிக் கட்டம்.

கையில் பந்து இருந்தது. அமுக்கவில்லை. அமுக்கினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

வெளியே எடுத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் எதிரே நின்றார்.

"சொல்லுங்க. என்ன கேட்டீங்க?"

எதிர்ச் சுவரில் நிறுவனத்தின் பெரிய விளம்பரப் படம் இருந்தது. கை கால் முளைத்த ஒரு மூளை, புன்னகைத்தபடி, தோளில் வயலினைச் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

"வயலின்" என்றார் ஓட்டுநர்.

இயக்குநரும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்ததா என்பதுகூட நிச்சயமில்லை.

"எழுதிக்கோம்மா" என்றார் இயக்குநர், குரல் தழதழக்க. "இவரும் வயலின்தான்."

பிறகு படத்தைக் காட்டினார்கள். சாம்பல் நிற மூளைக்கு நடுவே ஆழத்தில் அடுப்பு எரிந்தது.

"இவ்வளவு பிரகாசத்த நான் பாத்ததே இல்ல" என்றார் இயக்குநர். அன்றிலிருந்து அந்த நிறுவனத்தில் ஓட்டுநருக்குப் பெயர் பிரகாசம்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும் முன்பே மனைவி கேட்டாள்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"எனக்குக் கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்."

மாதக்கணக்கில் அவள் முகத்தில் பார்க்காத ஒரு வெளிச்சம். மறுக்க முடியவில்லை. இயந்திரம் போட்ட சத்தத்தையே கொஞ்சம் மெதுவாக்கி, ஓரம் தட்டி, "டொக்... டொக்... ங்ஙூஊஊ" என்று முனகினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"புது மாதிரியா இருக்குங்க" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவியபடியே அவளும் "டொக் டொக்" என்று முனகுவது கேட்டது. ஓட்டுநர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தன் பொய் வீட்டுக்குள் நடமாடுவது போல இருந்தது.

வானொலி கேட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது கேட்டது. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. அந்த இசை மட்டும், அடுத்தடுத்த வாரங்களில் எத்தனை முறை உள்ளே போனாலும், கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் நான்கு பேரும் உருகினார்கள். ஒவ்வொரு முறையும் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம் கூடியது. ஒவ்வொரு முறையும் மூளைப் படத்தில் நெருப்பு பெரிதாகியது. இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிற யாரும் விடுப்பு எடுப்பதில்லை என்பதையும் ஓட்டுநர் தெரிந்துகொண்டார். வயதான எழுத்தருக்கு ஓய்வு பெறும் வயது எப்போதோ தாண்டிவிட்டது, போக மறுத்தார். அங்கே எவரும் எவரிடமும் சிடுசிடுத்ததில்லை. துயரம் நீங்கியவர்களைப் பார்க்க வேண்டுமானால் அந்த அறையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருநாள் பெல்ட்டைத் திருப்பித் தரும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சார், உங்க கிட்ட ஒரு ரகசியம் சொல்லட்டுமா? நாங்க போடற இசையில வயலினே கிடையாது. வெறும் பியானோ."

ஓட்டுநர் பேயறைந்தவர் போல நின்றார். முடிந்தது. பொய் பிடிபட்டுவிட்டது. சாவி, இருக்கை, சம்பளம், மனைவியின் முனகல் எல்லாம் படியில் உருண்டு போவது தெரிந்தது.

"ஏம்மா... அப்ப நான்..."

"அதான் சார் அதிசயமே! வந்தவங்க அத்தன பேரும் வயலின்னுதான் சொல்றாங்க. ஒருத்தர்கூடப் பியானோன்னு சொன்னதில்ல. டாக்டர் அத வெச்சுத்தான் ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதித் தள்ளறாரு. குணமாகிற மூளை தானா ஒரு வயலினச் சேத்துக்குதாம். வெளியூர்லேந்தெல்லாம் வந்து கேக்கறாங்க!"

வந்தவர்களில் ஒருவர் நரைத்த தாடிக்கார அறிஞர். ஓட்டுநரின் மூளைப் படத்தை மூக்கு தொடும்படி பார்த்துவிட்டு, "இந்த எடம் மகிழ்ச்சியோடது மாதிரி தெரியலையே. பயம் வந்தா எரியற பகுதியில்ல இது?" என்று கேட்டார்.

காட்சிப் பொருளாகப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஓட்டுநர் அரையடி பின்னால் நகர்ந்தார்.

இயக்குநர் அசரவில்லை. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுங்க ஐயா. எந்த வீட்டுல விளக்கு எரிஞ்சா என்ன, தெருவுக்கு வெளிச்சம் வந்தாச் சரி. எங்களுக்குத் தேவை வெளிச்சம்."

அறிஞர் அதைக் குறித்துக்கொண்டு போனார். ஓட்டுநரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய மூளையைத்தான் பார்க்க வந்திருந்தார்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அவ்வளவுதான்.

ஆண்டு விழா வந்தது. அன்றைக்கு மேடையிலேயே ஓட்டுநருக்குக் கையெழுத்திட்ட சான்றிதழ் தருவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் நிகழ்ச்சி நிரல் இழுத்தது. காலையில் அலங்காரக்காரர்கள் பதாகை கட்டும்போது ஏணியால் மீன் தொட்டியில் இடித்துவிட்டார்கள். அது சொட்டத் தொடங்கியது. யாரோ அடியில் ஒரு துணியைப் போட்டுவிட்டு மேடையைக் கவனிக்கப் போனார்கள்.

சிறப்பு விருந்தினர், நிதி ஒதுக்கும் வாரியத்தின் தலைவி. கனத்த உடம்பு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேச்சு. இயக்குநர் பேசி முடித்ததும் அவர் மைக்கை வாங்கினார்.

"இவ்வளவு நேரம் கேட்டேன். எல்லாம் சரி. நீங்க அதுக்குள்ள படுத்துக் கேட்டிருக்கீங்களா?"

"நான்... நான் தினமும் கட்டுப்பாட்டு அறையிலேந்து..."

"உள்ள படுத்து?"

"அது நோயாளிகளுக்கானது அம்மா."

"பரவாயில்ல, படுங்க. நாங்க திரையில பாக்கறோம். எனக்கு முதுகு வலி, இல்லாட்டி நானே படுப்பேன்."

மறுக்க வழியில்லை. இயக்குநர் சட்டையை ஒழுங்கு செய்துகொண்டு, கையசைத்தபடி உள்ளே போனார். காதில் கறுப்புக் கிண்ணங்கள் கவிழ்ந்தன. படுக்கை அவரைக் குழிக்குள் தள்ளியது. அரங்கத்தின் பெரிய திரையில் அவர் மூளை சாம்பல் நிறத்தில் விரிந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நடுவே ஒரு பொறி. பொறி கனலாகி, கனல் நெருப்பாகி, திரை முழுக்கச் சிவந்தது. பிரகாசத்தின் பிரகாசம்கூட அதற்கு முன் மின்மினி. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. "என்ன ஆனந்தம், என்ன ஆனந்தம்!" என்றார் தலைவி.

ஓட்டுநர் மட்டும் தட்டவில்லை. அந்தச் சிவப்பை அவர் உள்ளிருந்து அறிந்திருந்தார்.

இயக்குநர் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு காய்ந்திருந்தது. மைக்கை அவர் கையில் திணித்தார்கள்.

"எப்படி இருந்துச்சு டாக்டர்?"

இயக்குநர் கூட்டத்தைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்த, வயலின் வாசிக்கும் மூளையைப் பார்த்தார்.

"வயலின்" என்றார்.

விருந்தினர்கள் சாப்பிடப் போன பிறகு காத்திருப்பு அறை காலியாக இருந்தது. ஓட்டுநர் சான்றிதழுக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தார். மனைவி கீழே தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். இயக்குநர் சான்றிதழும் பேனாவுமாக வந்து, மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையெழுத்துப் போடவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார், ரொம்ப மெதுவாக. இருநூறு பேருக்கான குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சா?"

ஓட்டுநர் பேனாவைப் பார்த்தார். மூடி கழற்றியிருந்தது. 'கேட்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு வண்டி. சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எதிரே இருந்த முகம், ஸ்கேனிலிருந்து வந்து குளியலறைக் கண்ணாடியில் அவர் ஒவ்வொரு முறையும் பார்க்கிற முகம். கதவு சாத்தியாகிவிட்டதென்று நம்பிவிட்ட ஆளை அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் தனியாக விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது?

"இல்ல டாக்டர். ஒரு நாளும் கேக்கல."

இயக்குநரின் தோள்கள் இறங்கின. கண்ணாடியைக் கழற்றாமலேயே கண்ணைத் துடைத்தார்.

"உங்களுக்குமா? அப்ப நான் மட்டும் இல்ல! அப்பாடா..." ஓட்டுநரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி. ரொம்ப ரொம்ப நன்றி. நான் உள்ள செத்தே போயிட்டேன்னு நெனச்சேன்."

பிறகு சற்று யோசித்தார். யோசிக்க யோசிக்க இயக்குநர் மறுபடி இயக்குநராக ஆனார். பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

"மன்னிச்சுக்கணும். கேக்காதவருக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? விதி இருக்கில்ல."

ஓட்டுநரின் நெஞ்சின் மேல் பழைய பாரம் வந்து உட்கார இடம் தேடியது. உண்மை பேசிய வாயை உடனே மூடியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது இயக்குநரின் பாதத்தில் தண்ணீர் பட்டது. தொட்டி இப்போது சொட்டவில்லை, ஒழுகியது.

"ஐயோ, கம்பளம்! ஒரு கை பிடிங்க, கீழ எறக்கிடலாம்."

இருவரும் தொட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார்கள். நனைந்த வெல்வெட் துணி அதோடு சேர்ந்து வழுக்கி வந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக மரப்பெட்டி வெளியே தெரிந்தது. ஈரத்தில் பக்கவாட்டுப் பலகை விட்டிருந்தது. உள்ளே, உறை பிரிக்கப்படாத பிளாஸ்டிக்குக்குள், இரண்டு நீளமான குழாய்களோடு காதில் மாட்டும் ஒரு கருவி இருந்தது. பலகையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: "இசைக் குழாய். நோயாளி காதுக்கு. இயந்திரத்தோடு இணைக்கவும்."

"அப்ப நாம காதுல மாட்டினது?" என்றார் ஓட்டுநர்.

"இயந்திரம் சத்தம் போடுமில்ல." இயக்குநரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது... சத்தம் கேக்காம இருக்கறதுக்கு."

"பாட்டு?"

"கட்டுப்பாட்டு அறை ஸ்பீக்கர்ல மட்டும்."

ஓட்டுநருக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. முதலில் விக்கல் என்று நினைத்தார். சிரிப்பு. நின்று சிரிக்க முடியாமல் ஈரக் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். மூளை மூடவில்லை. கதவும் இல்லை, கடைசிக் கட்டமும் இல்லை. குழாய் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. மீன் அதன் மேல் நின்றிருக்கிறது.

இயக்குநர் சிரிக்கவில்லை. மாடிப்படியில் விருந்தினர்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பேனாவின் மூடியை மறுபடி கழற்றினார். சான்றிதழைப் பெட்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். குணமானதற்குக் காரணம் என்ற இடத்தில் "வயலின்" என்று எழுதினார்.

"எழுந்திருங்க பிரகாசம். தொட்டிய மேல ஏத்திடலாம். ஒரு கை பிடிங்க."

பிடித்தார். சாவி அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

வாசலில் தையல்காரம்மா படியேறி வந்துகொண்டிருந்தார், அன்றைய முறைக்காக. ஓட்டுநர் நின்றார். மனைவி இழுத்தாள், அவர் நகரவில்லை.

"அக்கா. கேக்கலைன்னா பயப்படாதீங்க. யாருக்குமே கேக்கல. குழாயவே மாட்டல."

"எனக்கு நல்லாக் கேக்குதுப்பா!" என்றார் தையல்காரம்மா, கோபமாக. "என் மூளைக்கு என்ன கேடு? வயலின் தனியா, பின்னாடி வேற என்னென்னமோ தனியா..." பேச்சு நின்றது. ஓட்டுநரின் சட்டைக் கையைப் பிடித்தார். "நெஜமாவா தம்பி?"

"நெஜமா."

தையல்காரம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அட்டை தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் வண்டிக்குத் திரும்பினார். சில காலைகளில் நிறுத்தத்தில் நிறுத்தினால் பாரம் வந்து உட்காரத்தான் பார்த்தது. அப்போதெல்லாம் நடத்துநர் இரண்டாவது விசிலுக்குக் காத்திராமல் பின்னாலிருந்து, "அண்ணே, போலாமா?" என்பார். அவர் போவார்.

மழை தூறிய ஒரு மத்தியானம் தையல்காரம்மா அவர் வண்டியில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"குழாய மாட்டிட்டாங்க, தெரியுமா? நான் போயி ஒரே சத்தம் போட்டுட்டேன்."

"கேட்டுச்சா அக்கா?"

"கேட்டுச்சு. பியானோ. என்ன பாட்டு போ! அதுக்குள்ளேயே தூங்கிட்டேன் தம்பி. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நல்ல தூக்கம். நான் மட்டுமா? வந்தவங்க எல்லாருமே தூங்கிட்டாங்க."

"அப்ப நல்லதுதானே?"

"என்ன நல்லது? படம் கறுப்பா வந்துருச்சாம். ஒருத்தர் மூளையிலகூட செவப்பே இல்லையாம். வாரியத்துல அந்த அம்மா காசு தர மாட்டேன்னுட்டாங்களாம். ஒரு வாரம் பாத்தாங்க, கழட்டிட்டாங்க."

ஓட்டுநர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது. நிறுத்தினார். நடத்துநர் விசில் கொடுத்தார். கியரைப் போட்டார்.

"கழட்டி எங்க வெச்சாங்க?"

"பெட்டியிலதான். பலகைய ஆணி அடிச்சு, மேல மீன் தொட்டிய வெச்சுட்டாங்க. அந்த ஒயரத்துக்கு வேற பெட்டி கிடைக்கலையாம்."